வேர் வழியே வரும் விஷம்

முளைக்கீரைக் கட்டைப் பிரித்து, பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டு, தண்டை ஒடித்து, அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் முக்கி எடுத்தால் அடியில் மண் படியும். தண்ணீரை மாற்றி இன்னொரு தரம் முக்க வேண்டும். மூன்றாவது தண்ணீர் தெளிவாக நின்றால்தான் கீரை அடுப்புக்குப் போகும். பூச்சிமருந்துப் பயம் வந்த பிறகு இந்தச் சடங்கில் கல்லுப்பும் மஞ்சள்தூளும் புளித்தண்ணீரும் வினிகரும் சேர்ந்துகொண்டன. நல்ல பழக்கம்தான். மேலே ஒட்டிய மண், தூசு, புழுமுட்டை, தெளித்த மருந்தில் ஒரு பகுதி எல்லாம் போய்விடும். ஆனால் அந்தக் கீரை வளர்ந்த மண்ணில் காட்மியம் இருந்திருந்தால், அது இலையின் மேல் உட்கார்ந்திருக்காது, இலைக்குள் இருக்கும். எத்தனை தண்ணீர் விட்டு அலசினாலும் போகாது. கொதிக்க வைத்தாலும் அழியாது. அது ஓர் உலோகம்.

காய்கறியில் விஷம் என்றதும் நமக்குப் பூச்சிமருந்துதான் நினைவுக்கு வருகிறது. அந்த அபாயம் உண்மையானது. ஆனால் பூச்சிமருந்துக்கு ஓர் ஆயுள் உண்டு. தெளித்த பின் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வெயிலிலும் மண்ணிலும் அது சிதைகிறது. காட்மியமும் ஈயமும் குரோமியமும் ஆர்சனிக்கும் சிதைவதே இல்லை. மண்ணில் ஒருமுறை சேர்ந்தால் தாத்தா காலத்தில் சேர்ந்தது பேரன் காலத்திலும் அங்கேயே கிடக்கும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. பூச்சிமருந்தை விவசாயி தன் கையால் தெளிக்கிறார். இந்த உலோகங்களை அவர் போடுவதில்லை. மேலே எங்கோ ஓர் ஆலைக் குழாயிலிருந்தும், பழைய பேட்டரி உருக்கும் கொட்டகையிலிருந்தும், மாநகராட்சிக் குப்பைமேட்டிலிருந்தும் அவை அவர் நிலத்துக்கு வந்து சேர்கின்றன. அவரும் அவர் வீட்டாரும்தான் அந்தத் தண்ணீரில் நிற்கிறார்கள், அந்தக் காயை முதலில் தின்கிறார்கள். அதனால்தான் இந்த விஷத்தைச் சமையலறையில் வைத்துத் தீர்க்க முடியாது என்கிறேன். வயலில் வைத்தும் முழுதாகத் தீர்க்க முடியாது. குழாய் திறக்கும் இடத்தில்தான் தீர்க்க வேண்டும், திறந்தவர் செலவில் தீர்க்க வேண்டும். அதற்கான சட்டம் நம்மிடம் 1996 முதல் இருக்கிறது. அதை நாட்டுச் சட்டம் என்று அறிவித்த வழக்கு தமிழ்நாட்டு ஆற்றங்கரை ஒன்றிலிருந்துதான் போனது.

இலை, கிழங்கு, காய்

எல்லா உலோகமும் ஒரே மாதிரி செடிக்குள் ஏறுவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதி வதந்தி அடங்கிவிடும்.

செடிக்குத் துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு கொஞ்சம் கொஞ்சம் வேண்டும். அவற்றை உள்ளே இழுக்க வேரில் தனித்தனி வாசல்கள் இருக்கின்றன. காட்மியம் வேதியியலில் துத்தநாகத்தின் நெருங்கிய உறவு. வாசலில் இரண்டையும் பிரித்தறிய வேருக்குத் தெரிவதில்லை. துத்தநாகம் போகும் வழியாகவே காட்மியமும் நுழைந்து, சாற்றோடு மேலேறி இலையில் தங்கிவிடும். அதனால் இலையைத் தின்னும் பயிர்கள், அதாவது பாலக், முளைக்கீரை, லெட்யூஸ் போன்றவை, இதில் முதலில் மாட்டுகின்றன. அவரை, பூசணி, பீர்க்கங்காய் போன்றவற்றுக்குப் போய்ச் சேர்வது பொதுவாகக் குறைவு.

ஈயம் வேறு ரகம். அது மண்துகளை இறுகப் பற்றிக்கொள்ளும். வேரைத் தாண்டி மேலே ஏறுவது சொற்பம். ஆனால் தூசாகப் பறந்து வந்து இலையில் படியும், முள்ளங்கி, கேரட் தோலில் மண்ணாக ஒட்டும். ஆகவே ஈயத்தைப் பொறுத்தவரை நன்றாக அலசுவதும் தோல் சீவுவதும் உண்மையிலேயே பயன் தரும். குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே நின்றுவிடுகிறது. குரோமியம் நிறைந்த ஊரில் குடிநீரும் தூசும்தான் பெரிய ஆபத்து, காய்கறி அதற்கு அடுத்தபடிதான். ஆர்சனிக் நெல்லோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தேங்கிய, காற்றுப் புகாத சேற்றில் அது மண்ணைவிட்டுக் கரைந்து வெளிவரும், நெற்பயிர் சிலிக்காவை இழுக்கும் வழியாக உள்ளே போகும். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தும் அதே தண்ணீரில் நெல் விளைவித்தும் மக்கள் படும் பாடு இதுதான்.

உடம்புக்குள் போன பின் நடப்பது மெதுவான வேலை. காட்மியம் சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது. அங்கே தங்கியதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டு ஆகும். தினம் ஒரு துளி விழுந்தாலும் நிரம்பிக்கொண்டே போகும் என்று அர்த்தம். வலியோ காய்ச்சலோ இருக்காது. சிறுநீரில் சில புரதங்கள் கசியத் தொடங்குவதே முதல் அடையாளம், அதைத் தேடிப் பரிசோதித்தால்தான் தெரியும். பின்னால் எலும்பு மெலியும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தொடும், பெரியவர்களுக்கு ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் தொடும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதில் நம் ஊருக்கென்று தனிக்கவலை ஒன்று இருக்கிறது. உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால், குடல் இரும்பைத் தேடி வாசலை அகலத் திறக்கும். அந்த வாசலில் காட்மியமும் கூடுதலாக நுழைந்துவிடும். 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ரத்தசோகைக்குக் கீரை தின்னச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுக்கிறார். அந்தப் பெண் எந்த மண்ணில் வளர்ந்த கீரையைத் தின்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை.

கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவுத் தர அமைப்பு இலைக் காய்கறியில் காட்மியத்துக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். கண்ணுக்குத் தெரியாத, நாக்குக்குத் தட்டாத அளவு. அதைத் தாண்டிய கீரையும் வாடியிருக்காது. சாக்கடையில் தழைச்சத்து நிறைய இருப்பதால் பச்சைப் பசேலென்று, பார்த்ததும் வாங்கத் தோன்றும்படிதான் இருக்கும்.

சாக்கடைத் தண்ணீர் என்று சொன்னதால் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். வீட்டுக் கழிவுநீரில் இருப்பது பெரும்பாலும் உரச்சத்தும் கிருமியும். கிருமி வேகவைத்தால் சாகும், சுத்திகரித்தால் குறையும். அந்தக் கழிவுநீரோடு முலாம் பூசும் பட்டறை, சாயப்பட்டறை, தோல் ஆலை, பேட்டரிக் கடை ஆகியவற்றின் தண்ணீர் கலக்கும்போதுதான் ஆறாத புண் தொடங்குகிறது. சாக்கடையோரம் கீரை பறிப்பவரைப் படமெடுத்துப் பரப்புகிற காணொளிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கும். கால்வாயில் பட்டறைக் குழாயைச் சொருகியவர் அந்தப் படத்தில் ஒருபோதும் இருப்பதில்லை.

பாலாற்றங்கரையில் நடந்தது

கர்நாடகத்தின் நந்திமலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, வாணியம்பாடிப் பக்கமாகத் தமிழ்நாட்டுக்குள் வருகிறது பாலாறு. ஆண்டில் பெரும்பாலான நாள் மணல்தான் தெரியும், தண்ணீர் மணலுக்கடியில் ஊற்றாக இருக்கும். அதை நம்பித்தான் கரையோரக் கிணறுகளும் தென்னந்தோப்புகளும் நெல்லும் கரும்பும் வாழையும். தோல் பதனிடும் தொழிலும் அதே தண்ணீரை நம்பித்தான் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று வரிசையாக வளர்ந்தது.

ஒரு காலத்தில் இங்கே தோலை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் ஆகும். அந்தத் தோலுக்கு வெளிநாட்டுச் சந்தையில் தனிப் பெயர் இருந்தது. 1970-களில் ஒன்றிய அரசு கொள்கையை மாற்றியது. பச்சைத்தோலும் பாதி பதனிட்ட தோலும் வெளியே போக வேண்டாம், முழுதாகப் பதனிட்ட தோலும் செருப்பும் பையும் போகட்டும் என்றது. குரோமியம் உப்பில் பதனிட்டால் வாரக்கணக்கு நாள்கணக்காகச் சுருங்கும். அந்நியச் செலாவணி வந்தது, பல ஆயிரம் குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது. அந்த வேலையில் இருப்பவர்களும் இதே கிணற்றடி மக்கள்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆனால் கழிவைப் பற்றி யாரும் கணக்குப் போடவில்லை. உரித்த தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உப்பு தடவுவார்கள். ஆலைக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவி வெளியேற்றுவது. பிறகு மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். பிறகு குரோமியம். வழக்கமான முறையில், போட்ட குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும், மிச்சம் தண்ணீரோடு போகும். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் குறித்தது. அத்தனையும் ஓடையிலும் ஏரியிலும் ஆற்று மணலிலும் இறங்கியது.

முதலில் நிலத்தைக் கொன்றது உப்புதான். கோடையில் வயலில் வெள்ளையாகப் பூக்கும். நெல் முளைத்து வரும்போதே நுனி கருகும். தென்னையில் குரும்பை உதிரும், தங்கிய காயும் சிறுத்துப் போகும். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த ஊர்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றன.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. தோல் ஆலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போய்விட்டது. சூழலைக் கெடுத்தவரே நட்டஈடும் தர வேண்டும், கெட்ட சூழலை மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. சட்டக்கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது.

பகுதியாக என்ற சொல்லில்தான் நம் சாப்பாட்டுத் தட்டு இருக்கிறது. முழுதாகச் செத்த நிலத்திலிருந்து சந்தைக்கு எதுவும் வராது. பாதி கெட்ட நிலத்திலிருந்து வரும். நெல் கைவிட்ட விவசாயி உப்பைத் தாங்குகிற பயிருக்கு மாறுவார், வேறு வழியில்லை. உப்பைத் தாங்கும் காய்கறிகளில் பீட்ரூட், பாலக் குடும்பம் முன்னால் நிற்கிறது. காட்மியத்தை அதிகம் ஏற்றிக்கொள்ளும் குடும்பமும் அதுவேதான். இன்னொன்றும் உண்டு. மண்ணில் குளோரைடு உப்பு கூடினால் அது காட்மியத்தோடு சேர்ந்து அதைக் கரையவைத்து, வேருக்கு எட்டும்படி செய்துவிடும். தோல் ஆலையின் உப்பு காட்மியத்தைக் கொண்டுவராவிட்டாலும், உரத்திலிருந்தும் குப்பையிலிருந்தும் பட்டறையிலிருந்தும் வந்து மண்ணில் சும்மா கிடந்த காட்மியத்தைக் கிளப்பிவிடக் கூடும். இந்தக் கோணத்தில் பாலாற்றுப் படுகையின் கீரையைக் கிராமம் கிராமமாக, ஆண்டுதோறும் யாராவது பரிசோதித்து ஊரார் பார்க்கும்படி எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

ராணிப்பேட்டையில் இதைவிடக் கொடிய சங்கதி ஒன்று கிடக்கிறது. சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970-களின் நடுவில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்டது. மூடியபோது ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் குவித்துவிட்டுப் போனது. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணை குரோமியம், ஒப்பீட்டில் சாது. குரோமேட் ஆலைக் கழிவில் இருப்பது அறுவிணை குரோமியம், புற்றுநோய் உண்டாக்குவது, தண்ணீரில் எளிதாகக் கரைவது. மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து மஞ்சள் நீர் கசியும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். அந்த அளவில் நிறம் தெரியாது. கண்ணுக்கு மஞ்சள் தெரிகிறது என்றால் வரம்பை எத்தனையோ மடங்கு தாண்டிவிட்டது என்று பொருள். 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மோசமாக மாசடைந்த 10 இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையைச் சேர்த்தது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் சிப்காட்டின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள்.

நட்டஈட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001-இல் வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர் என்று கணக்கெடுத்து, 26.82 கோடி ரூபாய் தரச் சொன்னது. வகுத்துப் பார்த்தேன். தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் வருகிறது. ஒரு தலைமுறையின் கிணறும் நிலமும் போனதற்கு அவ்வளவுதான் விலை. அதையும் எல்லோரும் வாங்கியபாடில்லை. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. தராத நட்டஈட்டை அரசு ஆறு வாரத்தில் தர வேண்டும், தந்ததை ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பில் முக்கியமானது இன்னொன்று. பணம் கொடுத்ததோடு மாசு செய்தவரின் பொறுப்பு முடிவதில்லை, சூழலுக்கு நேர்ந்த கேடு மாறும்வரை அது தொடரும் என்றது.

டெல்லி ஒரு வழி, ஜப்பான் ஒரு வழி

கெட்ட மண்ணை அரசு எப்படி அணுகலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2015 ஜனவரி 13 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், யமுனை சுத்தமாகும்வரை டெல்லியின் ஆற்றுப் படுகையில் உண்ணும் பயிர் எதையும் விளைவிக்கக் கூடாது என்று தடை போட்டது. நுகர்வோர் நலனை எண்ணித்தான் போட்டது, தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் நடைமுறையில் தடை விழுந்தது குத்தகைக்குக் காய் போட்ட ஏழைக் குடும்பங்களின் தலையில். டெல்லியின் நஜஃப்கர் வடிகால் இன்றைக்கும் கழிவோடுதான் யமுனையில் விழுகிறது. விளைவிப்பவரை நிறுத்துவது எளிது, கழிவு விடுபவரை நிறுத்துவது கடினம். எளிதானது முதலில் நடந்துவிடுகிறது.

ஜப்பானின் டொயாமா மாநிலத்தில் ஜின்சூ என்றொரு ஆறு. மேலே மலையில் மிட்சுய் நிறுவனத்தின் கமியோகா சுரங்கம், துத்தநாகமும் ஈயமும் எடுத்தது. கழிவோடு காட்மியம் ஆற்றில் இறங்கி, கால்வாய் வழியே கீழே உள்ள நெல்வயல்களில் படிந்தது. ஊரில் வயதான பெண்கள், அதிலும் பல பிள்ளை பெற்றவர்கள், இடுப்பு வலி என்று தொடங்கிப் படுக்கையில் விழுந்தார்கள். இருமினால் விலா எலும்பு முறிந்தது. வலியில் அவர்கள் கதறிய கதறலே நோய்க்குப் பெயராகி, இடாய் இடாய் என்றார்கள். நோபோரு ஹகினோ என்ற உள்ளூர் மருத்துவர் சுரங்கத்துத் தண்ணீர்தான் காரணம் என்று 1950-களில் சொன்னபோது பெரிய இடங்களில் யாரும் நம்பவில்லை. 1968-இல் ஜப்பான் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஊர்மக்கள் வழக்குப் போட்டார்கள். 1971-இல் மாவட்ட நீதிமன்றத்திலும் 1972-இல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள்.

வழக்கில் வென்ற பின் அந்த மக்கள் செய்ததுதான் எனக்கு வியப்பு. நட்டஈட்டோடு வீட்டுக்குப் போகவில்லை. சுரங்க நிறுவனத்தோடு ஓர் உடன்படிக்கை எழுதி வாங்கினார்கள். ஊர்மக்கள் எப்போது வேண்டுமானாலும் தங்களுக்கு வேண்டிய நிபுணர்களோடு சுரங்கத்துக்குள் போய்ப் பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம், செலவு நிறுவனத்துடையது. 1972 முதல் அந்த ஆய்வை ஆண்டு தவறாமல் நடத்திவருகிறார்கள். மண்ணையும் விடவில்லை. 1979-இல் தொடங்கி 2012-இல் முடிந்த வேலை அது. கெட்ட மேல்மண்ணை அள்ளி அடியில் புதைத்து, மேலே நல்ல மண் பரப்பி, 863 ஹெக்டேர் வயலை மீட்டார்கள். 4,070 கோடி யென் செலவு, நிறுவனமும் அரசும் பகிர்ந்துகொண்டன. 33 ஆண்டு ஆயிற்று.

பாலாற்று வழக்கு தொடுத்து 33 ஆண்டு 2024-இலேயே முடிந்துவிட்டது. நாம் இன்னும் நட்டஈட்டுத் தொகையை யாருக்குத் தந்தோம், யாருக்குத் தரவில்லை என்று பட்டியல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

35,000 ஹெக்டேருக்கும் ஜப்பான்போல மண் மாற்ற முடியாது, உண்மைதான். அது தேவையுமில்லை. உப்பேறிய நிலத்துக்கு ஜிப்சமும் வடிகாலும் நல்ல தண்ணீரும் வேண்டும். காட்மியமுள்ள அமில மண்ணில் சுண்ணாம்பும் மக்கிய எருவும் போட்டால் வேர் ஏற்றுவது குறையும். மிக மோசமான சில இடங்களில் மட்டும் உணவுப்பயிரை நிறுத்திவிட்டு மரமோ பூவோ போடச் சொல்லலாம், அந்தக் குடும்பத்துக்கு வருமான ஈடு கொடுத்துவிட்டு. எந்த நிலத்துக்கு எது என்று முடிவு செய்ய, முதலில் அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அங்கேதான் தொடக்கமே இடிக்கிறது.

அட்டையில் இல்லாத கட்டம்

2015-இல் ஒன்றிய அரசு மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. நாடெங்கும் கோடிக்கணக்கான அட்டைகள் கொடுத்திருக்கிறார்கள். ஓர் அட்டையை எடுத்துப் பாருங்கள், 12 கட்டங்கள் இருக்கும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவைச் சொல்லும் மின்கடத்துத் திறன், அங்ககக் கரிமம். பயிருக்கு என்ன போட வேண்டும் என்று சொல்ல இது போதும். காட்மியத்துக்குக் கட்டம் கிடையாது. ஈயத்துக்கும் கிடையாது, குரோமியத்துக்கும் ஆர்சனிக்குக்கும் கிடையாது. ராணிப்பேட்டைக் குரோமிய மேட்டுக்குக் கீழே நிலம் வைத்திருப்பவருக்கும், ஆலையே காணாத மலையோர விவசாயிக்கும் ஒரே அட்டைதான்.

நாட்டின் ஒவ்வொரு வயலிலும் உலோகப் பரிசோதனை செய்யச் சொல்லவில்லை. அதற்குக் கருவியும் செலவும் அதிகம். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்பது அரசுக்கு நன்றாகத் தெரியும். பாலாற்றுப் படுகை தெரியும். திண்டுக்கல் தோல் ஆலைகளைச் சுற்றிய கிராமங்கள் 1996 தீர்ப்பிலேயே இருக்கின்றன. நொய்யலில் 1992-இல் பாசனத்துக்கென்று கட்டி, திருப்பூர்ச் சாயத்தண்ணீர் தேங்கும் குட்டையாகிப்போன ஒரத்துப்பாளையம் அணையும் அதன் கீழ் ஆயக்கட்டும் தெரியும். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு சொட்டு நீரும் வெளியேறாத சுத்திகரிப்பு இல்லாமல் அங்கே பட்டறை ஓடக் கூடாது என்றாயிற்று. புதிதாக வருவது குறையலாம், முன்பே படிந்தது மண்ணில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாநகரத்திலும் குப்பைமேட்டின் கசிவுநீர் எந்த ஏரிக்குப் போகிறது, அந்த ஏரித் தண்ணீரில் யார் என்ன விளைவிக்கிறார்கள் என்பதும் உள்ளூர் வேளாண் அலுவலருக்குத் தெரியும். இந்த இடங்களில் மட்டும் அட்டையில் நாலு கட்டம் கூட்டினால் போதும்.

உரத்தையும் பார்க்க வேண்டும். நகரக் குப்பையிலிருந்து தயாராகும் மக்கு உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் வரம்புகள் இருக்கின்றன, காட்மியம் கிலோவுக்கு 5 மில்லிகிராம், ஈயம் 100 மில்லிகிராம் என்று. பிரிக்காத குப்பையில் பேட்டரியும் பெயின்ட் டப்பாவும் சேர்ந்தே மக்குகின்றன. இலவசம் என்று வயலுக்கு லாரியில் வந்து இறங்கும் குப்பை உரத்தின் பரிசோதனைச் சீட்டைக் கேட்கிற உரிமை விவசாயிக்கு உண்டு. கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கிறது.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். காய்கறியையும் கீரையையும் குறைத்துவிடாதீர்கள், அதுதான் முதல் வார்த்தை. அவற்றால் வரும் நன்மை நம்மில் பெரும்பாலோருக்கு இந்த அபாயத்தைவிடப் பெரிது. ஒரே கீரையை ஒரே இடத்திலிருந்து நாள்தோறும் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குங்கள். கிழங்கைத் தோல் சீவுங்கள். இலையை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், தூசில் உள்ள ஈயம் போகும். மாடித்தோட்டத்துக்கு ரசாயனம் வந்த பழைய டிரம்மையும், பழைய பெயின்ட் உதிரும் சுவரோரத்தையும் தவிர்த்துவிடுங்கள். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறையாமல் சாப்பிடும் உடம்பு இந்த உலோகங்களைக் குறைவாக ஏற்கும். கேழ்வரகும் பயறும் முருங்கையும் அதற்கு உதவும். ரத்தசோகைக்கு மருந்து எழுதித் தந்தால் நடுவில் நிறுத்தாதீர்கள். அடுப்படியில் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

மிச்சமெல்லாம் வெளியே நடக்க வேண்டியது. 2025 தீர்ப்பின்படி, கேடு மாறும்வரை பொறுப்பு ஆலைகளுடையது. கேடு மாறியதா என்று சொல்ல வேண்டியது மண்ணும் கிணறும் கீரையும். ஆகவே பாலாற்றுப் படுகையில் ஒவ்வோர் ஊராட்சியிலும் ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் அங்கே விளைந்த கீரையையும் எடுத்துக் காட்மியம், ஈயம், குரோமியம், ஆர்சனிக் பார்க்க வேண்டும். முடிவைக் கிராம சபையில் தமிழில் வாசிக்க வேண்டும். செலவு ஆலைகளிடமிருந்து வசூலிக்கும் பணத்திலிருந்து வர வேண்டும். எந்த வயலில், எந்த நாளில் மாதிரி எடுப்பது என்பதை ஜின்சூக் கரையில் நடப்பதுபோல ஊர்மக்களே குறிக்க வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர்கள் மூவரும் சேர்ந்து உட்கார்ந்தால், வருகிற வடகிழக்குப் பருவமழைக்கு முன் முதல் சுற்று மாதிரியை எடுத்துவிடலாம்.